ஒரே காய்ச்சல், ஊருக்கு ஒரு கணக்கு



இந்த மாதம் கணக்குப் பாடம். பயப்படாதீர்கள், ஆரம்பப் பள்ளிக் கணக்குதான். வகுக்கத் தெரிந்தால் போதும். எடுத்துக்கொண்ட பொருள், 1918ஆம் ஆண்டு உலகத்தையே உலுக்கிய இன்ஃபுளுவென்சா காய்ச்சல். 'ஸ்பானிஷ் காய்ச்சல்' என்று புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். அது ஸ்பெயினில் பிறந்த நோய் என்று நினைத்துவிட வேண்டாம். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. சண்டையில் இருந்த நாடுகள் நோய்ச் செய்தியைப் பத்திரிகையில் வரவிடாமல் அடக்கி வைத்தன. போரில் சேராத ஸ்பெயினில் பத்திரிகைகள் உள்ளதை உள்ளபடி எழுதின. கடைசியில் உள்ளதைச் சொன்ன நாட்டின் தலையிலேயே பெயரைக் கட்டிவிட்டார்கள்!

நூறு வருஷத்துப் பழைய கதை இப்போது எதற்கு என்று கேட்கலாம். கோவிட் காலத்தில் நாம் தினமும் எண்களைப் பார்த்தோம். சிலாங்கூரில் இத்தனை, சபாவில் இத்தனை, பெர்லிஸில் இத்தனை என்று கைப்பேசியில் வரும். பார்ப்போம், அடுத்தவருக்கு அனுப்புவோம். அந்த எண் ஊருக்கு ஊர் ஏன் மாறுகிறது என்று யோசிக்க அன்றைக்கு யாருக்கும் மனசு இல்லை. 1918 முடிந்துபோன கணக்கு. ஆற அமரப் பார்க்கலாம். அதைப் படிக்கக் கற்றுக்கொண்டால் கோவிட் கணக்கும் தானாகவே புரியும்.

முதலில் ஒரு சின்னப் பயிற்சி. ஒரு தோட்டத்தில் 200 பேர். காய்ச்சலில் 10 பேர் இறந்தார்கள். ஒரு பட்டணத்தில் 20,000 பேர். 100 பேர் இறந்தார்கள். எந்த இடத்தில் நோய் கொடுமையாக இருந்தது? நூறு பெரிய எண்தான். ஆனால் ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் என்று வகுத்துப் பாருங்கள். தோட்டத்தில் ஆயிரத்துக்கு 50, பட்டணத்தில் ஆயிரத்துக்கு 5. தோட்டத்தில் பத்து மடங்கு! இனிமேல் இந்தப் பாடத்தில் வரும் எண்ணெல்லாம் இப்படி 'ஆயிரத்துக்கு இத்தனை' என்ற கணக்குதான்.

இப்போது இந்தியாவுக்குப் போவோம். 1918 ஜூன் மாதம் பம்பாய்த் துறைமுகப் பக்கம் வேலை பார்த்த போலீஸ் சிப்பாய்கள் சிலர் காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். போர்முனையிலிருந்து கப்பல்கள் வந்து போய்க்கொண்டிருந்த துறைமுகம் அது. அந்த முதல் அலை அவ்வளவு மோசமில்லை. பலர் படுத்தார்கள், பெரும்பாலோர் எழுந்துவிட்டார்கள். செப்டம்பரில் வந்த இரண்டாம் அலைதான் ஆளை அடித்துப் போட்டது. அக்டோபர் 6ஆம் தேதி ஒரே நாளில் பம்பாய் நகரத்தில் 768 சாவு பதிவானது. நகரத்தின் ஜனத்தொகை அன்றைக்கு ஏறக்குறைய பத்து லட்சம். அங்கிருந்து ரயில் தண்டவாளத்தோடு காய்ச்சல் நாடு முழுக்கப் போனது. தெற்கே, வடக்கே, நடுநாட்டுக்கு எல்லாம் அக்டோபருக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. கிழக்கே வங்காளத்துக்குத்தான் தாமதம்.

அடுத்த ஆண்டு அரசாங்க சுகாதார அதிகாரிகள் போட்ட கணக்கைப் பாருங்கள். நாக்பூர் பக்கத்து மத்திய மாகாணத்தில் ஆயிரத்துக்கு 50க்கும் மேல். பம்பாய் மாகாணத்தில் 45 அளவில். பஞ்சாபில் 40க்கு மேல். நம் முன்னோர்கள் பலர் புறப்பட்டு வந்த சென்னை மாகாணத்தில் சுமார் 13. வங்காளத்தில் 5 அளவில். பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் இந்த எண்களையெல்லாம் இன்னும் உயர்த்தினார்கள், ஆனால் யார் மேலே, யார் கீழே என்ற வரிசை பெரிதாக மாறவில்லை. ஒரே நாடு, ஒரே அரசாங்கம், ஒரே காய்ச்சல். வங்காளத்துக்கும் மத்திய மாகாணத்துக்கும் இடையில் பத்து மடங்கு வித்தியாசம்.

ஏன் உயர்த்தினார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் எந்தக் கணக்கையும் நம்புவதற்கு முன் எண்ணியவர் யார் என்று கேட்க வேண்டும். கிராமத்தில் சாவைப் பதிவது காவல்காரர், மணியக்காரர் போன்றவர்களின் வேலை. அவர்களே காய்ச்சலில் விழுந்துவிட்டால் யார் எழுதுவது? அதிகாரிகள் முதலில் 60 லட்சம் பேர் என்றார்கள். 1921ஆம் ஆண்டு குடிமதிப்பு எடுத்தபோது அந்தக் கணக்கு நிற்கவில்லை. இன்றைய இந்திய எல்லைக்குள் 1911இல் 25.21 கோடியாக இருந்த ஜனத்தொகை 1921இல் 25.13 கோடியாகக் குறைந்திருந்தது. பத்து வருஷத்தில் பிறந்த அத்தனை குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டும் குறைந்திருக்கிறது! அதற்குப் பிறகு எந்தப் பத்தாண்டிலும் அங்கே ஜனத்தொகை குறைந்ததே இல்லை. இன்று ஒரு கோடியிருபது லட்சத்திலிருந்து இரண்டு கோடிக்குள் என்று பலவிதமாக மதிப்பிடுகிறார்கள்.

சரி, வித்தியாசத்துக்குக் காரணம் என்ன? முதல் காரணம் வானம். 1918இல் பருவமழை பொய்த்தது. மேற்கிலும் நடுநாட்டிலும் பயிர் காய்ந்தது. போர்க்காலம் வேறு, தானிய விலை ஏறிப்போச்சு. சம்சாரி கடன் வாங்கித் தின்னும் நிலைமை. கிணற்றில் தண்ணீர் இல்லை, மாட்டுக்குத் தீவனம் இல்லை. பிழைக்க வழி தேடி ஜனங்கள் கூட்டங்கூட்டமாக நகரத்துக்குப் போனார்கள். அந்த நேரம் பார்த்துக் காய்ச்சல் வந்தது. பசித்த வயிறு, நெருக்கடியான குடியிருப்பு, இரண்டும் சேர்ந்த இடத்தில் காய்ச்சல் நிமோனியாவாக மாறி ஆளை முடித்தது. வங்காளத்தில் இந்த அளவுக்குப் பஞ்சம் இல்லை.

இரண்டாவது, காய்ச்சலே கிழக்கே போகப் போக வேகமும் கடுமையும் குறைந்தது போலத் தெரிகிறது என்று இன்றைய ஆராய்ச்சியாளர்கள் மாவட்டம் மாவட்டமாகக் கணக்குப் பார்த்துச் சொல்கிறார்கள். பகலில் வெயில், இரவில் குளிர் என்று வெப்பம் ஏறி இறங்கும் வறண்ட நிலத்தில் நிமோனியா அதிகம் வந்திருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. ஒரே காரணத்தைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை. மழை, விலைவாசி, ரயில், குளிர் எல்லாமே ஒன்றாகச் சேர்ந்துதான் வேலை செய்திருக்கின்றன.

இதுவரை மாகாணங்களைப் பார்த்தோம். இனி ஒரே நகரத்துக்குள் பார்ப்போம். இந்தப் பாடத்தில் எனக்கு முக்கியமான பகுதி இதுதான்.

போன வருஷம் ஒரு பயிற்சி முகாமில் ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: "ஐயா, ஒரே கிருமிதானே. ஒரு வீட்டுல மூணு பேரு போனாங்க, பக்கத்து வீட்டுல ஒண்ணும் ஆகலே. எல்லாம் அவங்கவங்க கர்மான்னு எங்க பாட்டி சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?" நல்ல கேள்வி. ஒரு வீட்டில் நடந்ததற்கு நான் எப்படிக் காரணம் சொல்வேன்? அது பாட்டிக்கும் கடவுளுக்கும் இடையில் உள்ள விஷயம். ஆனால் ஒரு நகரத்தில் நடந்ததைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். அந்தத் தம்பிக்கு நான் காட்டிய கணக்கை உங்களுக்கும் காட்டுகிறேன்.

பம்பாய் நகரத்தில் 1918 காய்ச்சலில் இறந்தவர்களைச் சமூகம் வாரியாகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். ஐரோப்பியர்: ஆயிரத்துக்கு 8.3. பார்சிகள்: 9.0. முஸ்லிம்கள்: 19.2. 'சாதி இந்துக்கள்' என்று அன்றைய அதிகாரிகள் எழுதியவர்கள்: 18.9. 'தாழ்ந்த சாதி இந்துக்கள்' என்று அவர்கள் எழுதியவர்கள்: 61.6.

கடைசி இரண்டு எண்களை மறுபடியும் படியுங்கள். இரண்டு பேருமே இந்துக்கள். ஒரே நகரம், ஒரே மாதம், ஒரே காற்று. ஒரு பகுதியாரைப் போல இன்னொரு பகுதியார் மூன்று மடங்குக்கும் மேல் இறந்திருக்கிறார்கள்.

இதற்கும் கர்மா என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எந்த வீட்டில் எத்தனை பேர் படுத்தார்கள் என்று பாருங்கள். துப்புரவுத் தொழிலாளியும் ஆலைத் தொழிலாளியும் இருந்த சால் வீடுகளில் ஒரே அறையில் ஒரு குடும்பம், சில நேரம் இரண்டு குடும்பம். தண்ணீர்க் குழாய் ஒன்று, வரிசையோ நீளம். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அடுத்த நாள் அடுப்பு எரியாது. படுத்துக்கிடப்பவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க எழுந்து நடக்கும் ஆள் அந்த அறையில் ஒருவர் கூட இல்லை. நோய் வந்த பிறகு தொட மறுக்கும் வைத்தியரும் உண்டு, நோய் வருவதற்கு முன்பே தெருவுக்குள் வராதவரும் உண்டு. பூர்வஜென்மம் வரைக்கும் போகவே வேண்டாம், இந்த ஜென்மத்தில் மனிதன் கட்டின வீட்டையும் போட்ட வேலியையும் பார்த்தாலே விடை கிடைக்கும். வேலி போட்டவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள் என்பது வருத்தமான விஷயம். நம் மன்றத்து மேடையில் இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. பரவாயில்லை, எண் இருக்கிறது.

கஞ்சியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1918இல் இந்தக் காய்ச்சலுக்கு மருந்தே கிடையாது. மனிதனைத் தாக்கும் இன்ஃபுளுவென்சா கிருமியைப் பிரித்தெடுத்ததே 1933இல்தான். பெனிசிலினை ஃபிளெமிங் கண்டுபிடித்தது 1928இல். ஐரோப்பிய மருத்துவருக்கும் தெரியவில்லை, நாட்டு வைத்தியருக்கும் தெரியவில்லை. அப்படிப்பட்ட காலத்தில் உயிரைக் காப்பாற்றியது பெரும்பாலும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும் ஆள்தான். தண்ணீர், கஞ்சி, போர்வை, சுத்தமான படுக்கை. பம்பாயில் சமூக சேவைச் சங்கத்தாரும் பல சமூக அமைப்புகளும் தற்காலிக மருத்துவமனை திறந்தார்கள், பாலும் மருந்தும் வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். குஜராத்தில் சூரத் பக்கம் கல்யாண்ஜி மேத்தா, தயாள்ஜி தேசாய் முதலியவர்கள் இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு கிராமங்களுக்குப் போனார்கள். உங்கள் வயதுப் பிள்ளைகள்தான்.

பார்த்துக்கொள்பவரைப் பற்றிப் பேசும்போது பெண்களை விட்டுவிட முடியாது. உலகம் முழுக்க அந்தக் காய்ச்சல் 20 வயதிலிருந்து 40 வயது வரை உள்ளவர்களைத்தான் தேடித் தேடி அடித்தது. கிழவர்களையும் குழந்தைகளையும் தாக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கு இது நேர் எதிர். இந்தியாவில் அந்த வயதில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இறந்தார்கள். நோயாளிக்குப் பக்கத்தில் நாளெல்லாம் உட்கார்ந்திருந்தவர் யார்? எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டவர் யார்? தான் படுத்தபோது யார் பார்த்துக்கொண்டார்? இந்தக் கேள்வியைத் தங்கைகள் வீட்டில் கேட்டுப் பாருங்கள், 2021லும் விடை அதிகம் மாறியிருக்காது.

கப்பலைத் தடுக்க முடிந்த இடத்தில் என்ன ஆனது என்றும் பார்க்க வேண்டும். பசிபிக் கடலில் சமோவா தீவுகள். ஒரே ஜனம், ஒரே மொழி. மேற்குப் பகுதி நியூசிலாந்தின் கையில், கிழக்குப் பகுதி அமெரிக்காவின் கையில். 1918 நவம்பர் 7ஆம் தேதி 'தலூன்' என்ற கப்பல் ஆக்லாந்திலிருந்து மேற்குச் சமோவாவின் ஆப்பியா துறைமுகத்துக்கு வந்தது. கப்பலில் காய்ச்சல்காரர்கள் இருந்தார்கள். யாரையும் தடுத்து வைக்கவில்லை. சில வாரத்துக்குள் சுமார் 8,500 பேர் இறந்தார்கள். மொத்த ஜனத்தொகையே 38,000தான். ஆயிரத்துக்கு எத்தனை என்று நீங்களே வகுத்துப் பாருங்கள், இருநூறைத் தாண்டும். அமெரிக்கச் சமோவாவில் ஆளுநர் ஜான் போயர் கடல் வழியை அடைத்து வைத்தார். அங்கே இந்தக் காய்ச்சலில் ஒருவர் கூட இறக்கவில்லை. கிருமி மாறவில்லை, ஜனமும் மாறவில்லை. ஒரு அதிகாரி எடுத்த முடிவு மாறியது. 2002இல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் நேரில் போய்ச் சமோவா மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

நம்ம மலாயாவில்? கடலை அடைக்க வழியே இல்லை. சிங்கப்பூரும் பினாங்கும் கப்பல் வந்தால்தான் பிழைக்கும் ஊர்கள். சிங்கப்பூரில் ஜூன், ஜூலையில் ஒரு அலை, அக்டோபர், நவம்பரில் இன்னொரு அலை. 2,870க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்று பிற்கால ஆய்வில் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆயிரத்துக்கு 7, 8 என்ற அளவு. ஐரோப்பிய நாடுகளைவிட அதிகம், இந்தியாவைவிடக் குறைவு. நடுவில் நிற்கிறோம். மலையில் ரப்பர்த் தோட்டங்களில் அக்டோபர் மாதம் கடுமையாக இருந்தது. லயத்து அறையில் எத்தனை பேர் படுத்திருப்பார்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மலேரியாவும் கொக்கிப்புழுவும் ஏற்கெனவே ரத்தத்தை உறிஞ்சி வைத்திருந்த உடம்பு. பிரட்டுக்கு வராதவனுக்கு அன்றைய கூலி இல்லை. பம்பாய் சால் வீட்டுக்குச் சொன்ன அதே கணக்கைத்தான் லயத்துக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தப் பொய்த்த மழை மலாயாவையும் விடவில்லை. இந்தியாவில் விளைச்சல் போனதால் அரிசி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தினார்கள். நாகப்பட்டினத்திலிருந்து ஆள் வந்தது போல அரிசியும் கப்பலில் வந்துகொண்டிருந்த நாடு இது. 1919இலிருந்து 1921 வரை இங்கே பெரிய அரிசிப் பஞ்சம். மரவள்ளிக்கிழங்கு நடச் சொன்னார்கள். மரவள்ளி என்றவுடன் தாத்தா பாட்டி சொன்ன ஜப்பான்காரன் காலம்தான் நமக்கு ஞாபகம் வருகிறது, அதற்கு இருபது வருஷம் முந்தியே ஒரு தடவை சாப்பிட்டிருக்கிறார்கள்.

இப்போது கோவிட்டுக்கு வருவோம். 2020இல் சிங்கப்பூர் வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளில் இருந்தவர்கள் ஏறக்குறைய 3,23,000 பேர். தமிழ்நாட்டுத் தம்பிகள் அதில் நிறைய. டிசம்பர் வரை அவர்களில் 1,52,794 பேருக்கு நோய் தொற்றியிருந்தது தெரியவந்தது. நூற்றுக்கு 47! ஆனால் அந்த வருஷம் முடியும்போது சிங்கப்பூர் முழுவதற்கும் கோவிட் மரணம் 29தான். மேலே படித்ததை வைத்து யோசியுங்கள். இத்தனை பேருக்குப் பரவியது ஏன்? ஒரு அறையில் பத்துப் பன்னிரண்டு பேர், பொதுக் குளியலறை, பொதுச் சமையலறை. சால் வீடு, லயம், விடுதி, மூன்றும் ஒரே விதம். சாவு குறைந்தது ஏன்? இந்தத் தடவை கிருமி அடித்தது முதியவர்களை, விடுதியில் இருந்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். ஆஸ்பத்திரியில் படுக்கையும் ஆக்சிஜனும் இருந்தன. பரவுவதற்கு ஒரு காரணம், சாவுக்கு வேறு காரணம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மரணம் குறைவு என்பதால் அவர்களுக்குக் கஷ்டம் குறைவு என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மாதக்கணக்கில் அறையை விட்டு வெளியே வர முடியாமல் கிடந்தார்கள்.

நம் நாட்டில் 2021 ஆகஸ்ட் 26ஆம் தேதி ஒரே நாளில் 24,599 பேருக்குத் தொற்று. அடுத்த மாதம் தினசரிக் கணக்கில் சரவாக் மேலே ஏறியது. ஆனால் பெரும்பாலோருக்கு அறிகுறியே இல்லை, அல்லது லேசான அறிகுறிதான். அங்கே பெரியவர்களுக்குத் தடுப்பூசி வேகமாகப் போட்டு முடித்திருந்தார்கள். தொற்று எண்ணை மட்டும் பார்த்தவர்கள் சரவாக்கைப் பார்த்துப் பயந்தார்கள். அதே காலத்தில் சபாவிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போதே உயிர் போயிருந்தவர்கள் பலர். அவர்களில் எத்தனை பேருக்கு வீட்டில் கவனித்துச் சீக்கிரம் கூட்டிப்போக ஆள் இருந்திருக்கும்?

அந்த ஆகஸ்டில் எங்கள் கிளை இளைஞர்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குச் சாமான் கொண்டுபோனபோது மாடிப்படி முழுக்க ஏறிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள்: இந்த வீட்டில் ஒரு பாட்டி தனியாக, அந்த வீட்டில் வேலை போன ஒரு அப்பாவும் மூன்று பிள்ளைகளும். முன்கூட்டியே யாரிடமும் பெயர்ப் பட்டியல் இல்லை. அதனால் இந்த மாதப் பாடத்துக்கு வீட்டுப்பாடம் இதுதான். உங்கள் தாமானில், உங்கள் மாடியில் தனியாக இருப்பவர்கள் யார், நடக்க முடியாதவர்கள் யார், நாள் கூலிக்காரர் யார், தொலைபேசி எண் என்ன என்று நாலு பேராகச் சேர்ந்து எழுதுங்கள். எழுதும்போது இன்ன தெரு, இன்ன சாதி, இன்ன நாட்டு ஆள் என்று எந்த வீட்டையும் தாண்டிப் போகாதீர்கள். வங்காளதேசத்துத் தொழிலாளி இருக்கும் கடைவீடும் அதில் வர வேண்டும். பட்டியல் கிளைச் செயலாளரிடமே இருக்கட்டும், வெளியே யாருக்கும் கொடுக்க வேண்டாம். அடுத்த மாத வகுப்புக்கு வரும்போது எத்தனை வீடு என்ற எண்ணை மட்டும் கொண்டு வாருங்கள். ஆயிரத்துக்கு எத்தனை என்று கரும்பலகையில் போட்டுப் பார்ப்போம்.